காணாக்கடியும் கடிகாரமும்

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டோரம் ஒரு டீக்கடை. மாலை நாலு மணி வெயில் பெஞ்சின் பாதிவரை வந்திருந்தது. அக்கா மகன் வண்டியை நிறுத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான். ஊர் திருச்சுழிப் பக்கம், வேலை இங்கே விசைத்தறியில். உட்கார்ந்ததும் சட்டையைக் கொஞ்சம் தூக்கி இடுப்பைக் காட்டினான். அரைஞாண்கயிறு கிடக்கும் தடத்திலேயே, கயிற்றைவிடத் தடிமனாக ஒரு தடிப்பு ஓடியிருந்தது. தோளில் பை வார் பதிந்த இடத்தில் இன்னொன்று. முழங்கைக்குக் கீழே எட்டணாக் காசு அகலத்தில் தனியாக ஒன்று.

"மூணு மாசமாச்சு மாமா. காணாக்கடின்னு ரெண்டு தடவ மந்திரிச்சாச்சு. கத்தரிக்காய விட்டேன், கருவாட்ட விட்டேன், முட்டைய விட்டேன். கடலைகூடத் திங்கிறதில்ல. அது மட்டும் என்னய விட மாட்டேங்குது."

வறுகடலைப் பொட்டலம் இல்லாமல் பஸ் ஏறாத பயல் அவன். விஷயம் முற்றித்தான் போயிருந்தது.

"கையை நீட்டு மாப்ள" என்றேன். முன்கையில் பேனாவின் மொட்டைப் பக்கத்தால் ஒரு கோடு அழுத்தி இழுத்தேன். பிறகு பேனாவைத் திருப்பி, முழங்கைக்குக் கீழே இருந்த தடிப்பைச் சுற்றி மையால் ஒரு வட்டம் போட்டேன். "ரெண்டையும் அழிச்சுராத. டீ வரட்டும், சொல்றேன்."

காணாக்கடி என்பது நம் பெரியவர்கள் வைத்த பெயர். பூச்சி கடித்ததுபோல் வீங்குகிறது, அரிக்கிறது, ஆனால் பல் பட்ட தடமில்லை, கடித்ததைக் கண்டவரும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன பெயர்தான். அதில் ஒரு சிக்கல் உண்டு. 'கடி' என்று சொன்னதுமே கடித்தது எது என்று மனசு தேடத் தொடங்கிவிடும். பூரானா, கட்டெறும்பா, முந்தாநாள் தின்ற கத்தரிக்காயா? பையன் மூன்று மாதமாகச் செய்துகொண்டிருந்தது இந்தத் தேடலைத்தான்.

ஐரோப்பியர் இதற்குச் செடியை வைத்துப் பெயர் சொன்னார்கள். நம் வேலியோரம் படரும் செந்தட்டி பட்டால் தோல் எப்படித் தடித்து எரியுமோ, அப்படி எரியவைக்கும் ஒரு செடிக்கு லத்தீனில் 'உர்ட்டிகா' என்று பெயர். அதிலிருந்து 'அர்ட்டிகேரியா' என்ற சொல்லை 1769-ல் நோய்ப் பட்டியலில் ஏற்றினார் வில்லியம் கல்லன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். ஆங்கிலத்தில் பேச்சு வழக்கில் ஹைவ்ஸ். செந்தட்டி பட்டோ முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சி விழுந்தோ தடிக்கும்போது காரணம் கண்ணெதிரே இருக்கிறது. செடியும் இல்லாமல், பூச்சியும் இல்லாமல் அதே தடிப்பு வரும்போதுதான் குழப்பம்.

டீ வந்தது. "கோட்டைப் பாரு" என்றேன்.

கோடு எழும்பியிருந்தது. வெள்ளைத்தோலில் என்றால் முதலில் சிவந்த கோடு, பிறகு இருபுறமும் பரவும் செம்மை, பிறகு மேடு என்று மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம். தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1927-ல் வெளியான தன் புத்தகத்தில் இந்த மூன்று படிகளையும் விவரித்தார். நம் நிறத்துக்குச் செம்மை அவ்வளவாகத் தெரியாது. பாடப்புத்தகப் படங்களைப் பார்த்துவிட்டு 'எனக்குச் சிவக்கவில்லையே, இது வேறு' என்று நினைப்பவர்கள் உண்டு. கண்ணைவிட விரலை நம்ப வேண்டும். அவன் கையைச் சாய்வெயிலில் திருப்பிக் காட்டினேன். வரப்புபோலக் கோடு நிழல் கட்டி நின்றது. விரலால் தடவிப் பார்த்தான். "எழுதுனா எழும்புது மாமா!"

எழும்பியதன் கதை தோலுக்குள் இருக்கிறது. 1878-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மாணவர் தன் ஆய்வேட்டில் ஒருவகை உயிரணுவை விவரித்தார். உள்ளே துகள்கள் அடைந்து கிடந்ததைப் பார்த்து, நன்றாகத் தின்று கொழுத்தது என்று எண்ணி 'மாஸ்ட்' செல் என்று பெயரிட்டார். அப்பத்தாக்கள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளலாம். தோலெங்கும் இரத்தக்குழாய்களை ஒட்டி இந்தப் பைகள் கிடக்கின்றன. பை அவிழ்ந்தால் உள்ளே இருக்கும் ஹிஸ்டமின் கொட்டும். அது நரம்பைத் தொட்டால் அரிப்பு. நுண்குழாயைத் தொட்டால் குழாய்ச் சுவர் இளகி உள்ளே இருக்கும் நீர் வெளியே கசியும். கசிந்த நீர் தேங்கிய இடமே தடிப்பு.

இந்தப் பக்கத்தில் கண்மாய் பார்க்காதவர் இல்லை. கரை கசிவதும் கரை உடைவதும் ஒன்றல்ல. காணாக்கடியில் நடப்பது கசிவு. கசிந்த நீரை உடம்பு திரும்ப வாங்கிக்கொள்ளும், தோல் பழையபடி ஆகிவிடும், தழும்பு இருக்காது. அதனால் ஒரு தனித்தடிப்பின் ஆயுள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள். ஒன்று மறையும், வேறிடத்தில் புதிதாக ஒன்று கிளம்பும். பார்ப்பவருக்கு 'மூன்று மாதமாகத் தடிப்பு' என்று தோன்றினாலும் உண்மையில் அது நாளுக்கு நாள் வேறு வேறு தடிப்பு.

அந்த மை வட்டம் இதற்காகத்தான். நாளை இதே நேரம் வட்டத்துக்குள் ஒன்றும் இல்லாவிட்டால் கசிவு. ஒருநாளைத் தாண்டியும் அதே இடத்தில் நின்று, அரிப்பைவிட வலியும் எரிச்சலும் கூடி, மறையும்போது கன்றிப்போன நிறம் விட்டுச் சென்றால், அங்கே இரத்தக்குழாயே அழன்றிருக்கலாம். அதுதான் கரை உடைப்பு. தோலில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டிவரும். குழந்தைகளின் கால்களில் நடுவே ஒரு புள்ளியோடு நாள்கணக்கில் நிற்கும் தடிப்பு பெரும்பாலும் பூச்சிக்கடிதான். அது காணாக்கடி அல்ல, கண்ட கடி. இரவில் கூடும் அரிப்பு, விரலிடுக்கில் பொரிப்பொரியாக, வீட்டில் எல்லோருக்கும் என்றால் சொறிசிரங்கு.

பையன் கேட்டான்: "அப்ப மந்திரிச்சா இறங்குதே, அது எப்படி?"

எங்கள் அப்பத்தா வெற்றிலையில் மிளகு மடித்துத் தின்னக் கொடுத்து, கறுப்புக் கம்பளியால் உடம்பைத் தேய்த்துவிடுவாள். காலையில் தடிப்பு இருக்காது. வெற்றிலைக்குப் பேர் கிடைத்துவிடும். சும்மா படுத்திருந்தாலும் காலையில் மறைந்திருக்கும் தடிப்பு அது. வேப்பிலைக்கும் அப்படித்தான் பேர் கிடைத்தது. ஊசிக்கும் பாதிப் பேர் அப்படித்தான். கம்பளியால் தேய்ப்பது மட்டும் கெடுதல். பேனா இழுத்த கோடே எழும்பும் உடம்பில் கம்பளி இழுத்தால் என்ன ஆகும்? தேய்க்கத் தேய்க்கப் பைகள் அவிழும். குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றி எடுப்பது நல்லது.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். காணாக்கடி என்ற சொல்லுக்குள் ஒரு நியாயமான பயமும் இருக்கிறது. கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது, தடமும் சரியாக இருக்காது. அங்கே தடிப்பு வராது. வயிற்றுவலி, கண்ணிமை தொங்குவது, பேச்சுக் குழறுவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது என்று தொடங்கும். அது மந்திரிக்கும் வேளை அல்ல. நேரே ஆஸ்பத்திரி.

மை வட்டம் காட்டும் மணிக் கணக்கு முதலாவது. இரண்டாவது கணக்கு வாரக் கணக்கு. ஆறு வாரத்துக்குள் அடங்கினால் குறுங்காலத் தடிப்பு. ஆறு வாரம் தாண்டியும் பெரும்பாலான நாள்களில் வந்துகொண்டே இருந்தால் நாள்பட்டது. ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது காணாக்கடி வரும். அதில் பெரும்பங்கு குறுங்காலத்தது.

குறுங்காலத் தடிப்பில் கடித்ததைத் தேடுவதில் அர்த்தம் உண்டு. குழந்தைகளுக்கு முதல் காரணம் தின்பண்டம் அல்ல. சளி, காய்ச்சல் கொண்டுவரும் வைரஸ்கள்தான். அடுத்தது மருந்து. பென்சிலின் வகை, உடம்புவலி மாத்திரைகள். பிறகு நிலக்கடலை, முட்டை, பால், மீன், இறால் போன்ற உணவுகள். பிறகு குளவி, தேனீ, பனைமரத்துக் கதண்டு. உணவு என்றால் அதற்கு ஒரு கடிகாரம் உண்டு. தின்ற சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும், தின்னும்போதெல்லாம் வரும். முந்தாநாள் கத்தரிக்காய் இன்று காலைத் தடிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

மீன் விஷயத்தில் இன்னொரு முடிச்சு. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர் இது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் குறைந்து வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையிலேயே ஹிஸ்டமின் ஊறிவிடும். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. தின்ற பலருக்கும் ஒரே நேரத்தில் முகம் சூடேறித் தடித்தால் அது அலர்ஜி அல்ல, கெட்ட மீன். ஆயுள் முழுக்க மீனை விட வேண்டாம், அந்தக் கடையை விட்டால் போதும்.

"எனக்குத்தான் மூணு மாசமாச்சே" என்றான்.

அவனுடையது நாள்பட்ட வகை. இங்கே உணவு காரணமாக இருப்பது மிக அரிது. பெரும்பாலும் வெளியே கடித்தவரே இல்லை. நோயை எதிர்க்க உடம்பு செய்யும் எதிர்ப்பொருள்கள் சிலருக்குத் தடம் மாறி, தம் சொந்தச் சுருக்குப் பையின் வாய்க்கயிற்றையே இழுக்கத் தொடங்குகின்றன. தைராய்டுக் கோளாறு உள்ளவர்களிடம் இது கூடுதலாகத் தெரிவதற்கும் இதே தடமாற்றம்தான் காரணம்.

இதைச் சொன்னதும் பையன் சிரித்தான். "எங்க ஊர்ல பிறந்த ரமணரும் இதத்தானே மாமா சொன்னாரு? யாருன்னு வெளிய தேடாத, உள்ள தேடுன்னு." 1879-ல் திருச்சுழியில் பிறந்தவருக்கு இந்த நோய் மனதில் இருந்திருக்காது. ஆனாலும் பையன் பிடித்த பிடி சரியானது.

நாள்பட்ட வகையில் தூண்டினால் வருவது என்று ஒரு கிளை உண்டு. அவன் முன்கையில் எழும்பிய கோடு அதில் ஒன்று. நல்ல உடம்புக்காரர்களிலும் நூற்றுக்குச் சிலருக்கு இப்படிக் கோடு எழும்பும். அரித்துத் தொந்தரவு செய்தால்தான் நோய். அரைஞாண்கயிறும் பை வாரும் செய்த வேலை அதுவே. இன்னொன்று வேர்வைத் தடிப்பு. சீமைக்கருவேலங் கட்டைகளை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும் சித்திரை வெயிலில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் உடம்பு சூடேறிய சில நிமிடத்தில் குண்டூசித்தலை அளவில் பொடிப்பொடியாக எழும்பும், குத்திக் குத்தி அரிக்கும், ஒருமணி நேரத்தில் போய்விடும். வேர்க்குரு என்று விட்டுவிடுவோம். வேர்க்குரு நாள்கணக்கில் நிற்கும், இது நிற்காது. குளிர்த் தடிப்பு ஐஸ் கட்டியை ஐந்து நிமிடம் கையில் வைத்தால் வைத்த வடிவத்திலேயே எழும்பும். இந்த வகைக்காரர்கள் கிணற்றில் குதித்துக் குளிப்பது ஆபத்து. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் பைகள் அவிழ்ந்து தண்ணீருக்குள் மயங்கிவிடலாம்.

"ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சா உடம்புவலிக்கு மாத்திரை ஏதும் போடுறியா?" என்று கேட்டேன்.

போடுகிறானாம். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்குவது. அட்டையைப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினான். டைக்ளோஃபினாக்.

மூன்று மாதத்தில் கத்தரிக்காய் முதல் கடலை வரை விட்டவன், விட வேண்டிய ஒன்றை மட்டும் விடவில்லை. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் நாள்பட்ட தடிப்புக்காரர்களில் பலருக்கு நோயைக் கிளறிவிடும். வலியோ காய்ச்சலோ வந்தால் பாராசிட்டமால் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். மதுவும் மனஉளைச்சலும் உறக்கக்கேடும் இதைக் கூட்டும். இறுக்கமான உடுப்பு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல் இரண்டும் வேண்டாம். கயிறு தளர்வாக இருக்கட்டும்.

வைத்தியத்தின் அடித்தளம் ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை. ஹிஸ்டமினின் செயல்பாட்டை 1910-ல் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் விவரித்தார்கள். அதைத் தடுக்கும் முதல் பொருளை 1937-ல் டேனியல் போவே குழுவினர் கண்டார்கள். போவேக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பழைய தலைமுறை மாத்திரைகள் மூளைக்குள் புகுந்து தூக்கத்தைக் கொண்டுவரும். தறி ஓட்டுகிறவனுக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்கும் அது ஆகாது. செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் எல்லாம் புதிய தலைமுறை. செட்ரிசினும் லெவோசெட்ரிசினும் சிலருக்குக் கொஞ்சம் கண்ணைச் சொக்கும், மற்றவை அதைவிடக் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செட்ரிசின் இலவசமாகக் கிடைக்கும்.

நம்மவர் செய்யும் தவறு, அரித்தால் ஒன்று போடுவது, அடங்கினால் நிறுத்துவது. மாத்திரை செய்வது சிந்திய ஹிஸ்டமினைத் துடைக்கும் வேலை அல்ல. சிந்துவதற்கு முன்பே அது போய் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்வது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. அதனால் நாள்பட்ட வகையில் தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் மருத்துவர் அளவைக் கூட்டுவார், வழக்கமான அளவைப்போல் நான்கு மடங்கு வரைகூட. நாமாகக் கூட்டக் கூடாது. அதிலும் அடங்காதவர்களுக்கு ஓமலிசுமாப் என்ற ஊசி உண்டு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம். அமெரிக்காவில் 2014-ல் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. விலை அதிகம், பலனும் பலருக்கு நன்றாகவே இருக்கிறது.

எனக்கு இது வந்த வருஷம், ஒரு கிளினிக்கில் ஊசி போட்டதும் ஒருமணி நேரத்தில் தோல் கண்ணாடியாகிவிடும். நாலாம் நாள் மறுபடி வரும், நானும் மறுபடி போவேன். ஊசியில் ஸ்டீராய்டு இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. கடுமையாகக் கிளம்பும்போது சில நாள்களுக்கு அது உதவும். மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு என்று வேறு கணக்குத் திறந்துவிடும். என் கையில் பேனாவால் வட்டம் போட்ட தோல் மருத்துவரிடம் போனபிறகுதான் அது நின்றது. ஆயிரக்கணக்கில் செலவழித்து நூறு பொருளுக்கு அலர்ஜி இரத்தப் பரிசோதனை செய்வதும் நாள்பட்ட வகையில் பெரும்பாலும் வீண். அடிப்படை இரத்த எண்ணிக்கை, அழற்சி அளவு, தேவைப்பட்டால் தைராய்டு, இவ்வளவே முதலில் வேண்டியது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை இராசாசி மருத்துவமனையிலோ தோல் பிரிவில் காட்டலாம்.

போகும்போது தடிப்பு இருக்காது, அதுதான் இந்த நோயின் குறும்பு. செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கணக்கும் எழுதலாம். தடிப்பே இல்லை என்றால் 0, இருபதுக்குள் 1, ஐம்பது வரை 2, அதற்கு மேல் 3. அரிப்புக்கும் அப்படியே 0 முதல் 3. ஏழு நாள் கூட்டினால் அதிகபட்சம் 42. உலகெங்கும் தோல் மருத்துவர்கள் பார்க்கும் கணக்கு இது.

மூன்றாவது, நிமிடக் கணக்கு. தடிப்போடு நாக்கு தடித்தாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி வாந்தி வந்தாலோ, மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று உட்காரக் கூடாது. உடனே 108. படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்காரவைக்கலாம். அங்கே உயிர் காப்பது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. கதண்டு கொட்டியபின், ஊசி மருந்து ஏறியபின் இப்படி வரலாம். தடிப்பும் அரிப்பும் இல்லாமல் உதடு, நாக்கு மட்டும் வீங்கினால் அது வேறு வழி. எனாலபிரில், ராமிபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் அப்படிச் செய்யும். "அம்மா என்ன மாத்திரை போடுதுன்னு பார்த்துச் சொல்லு" என்றேன்.

"இது தீருமா மாமா?"

பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் தானாகவே தணிந்துவிடும். எனக்கு ஒன்றரை வருஷத்தில் போனது. அதுவரை மாத்திரை அதைக் கட்டிவைக்கும், தறியும் ஓடும், தூக்கமும் வரும்.

இரண்டாவது டீ முடிந்தபோது முன்கையில் கோடு இல்லை. எங்கே இழுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கடைக்காரரிடம் ஒரு வறுகடலைப் பொட்டலம் வாங்கி அவனிடம் நீட்டினேன். நோய் வருவதற்கு முன்னால் ஆயுள் முழுக்கத் தின்று ஒத்துக்கொண்டது, விட்டும் ஒன்றும் மாறவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

மறுநாள் நாலு மணிக்கு செல்போனில் ஒரு படம் வந்தது. முழங்கைக்குக் கீழே என் மை வட்டம், உள்ளே வெறும் தோல். மணிக்கட்டுப் பக்கம் புதிதாக ஒரு தடிப்பு. கீழே எழுதியிருந்தான்:

"வட்டம் இருக்கு மாமா. ஆளக் காணோம்."